எல்லா ரோஜாவும் ஏன் மணப்பதில்லை?

பூக்காரர் கூடையிலிருந்து ஒரு பன்னீர் ரோஜா வாங்குங்கள். பூங்கொத்துக் கடையில் கண்ணாடித் தாள் சுற்றி வைத்திருக்கும் நீளக் காம்புச் சிவப்பு ரோஜா ஒன்றையும் வாங்குங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது அழகு என்று கேட்டால் பலரும் இரண்டாவதையே காட்டுவர். இப்போது கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். பன்னீர் ரோஜா உடனே தன்னை அறிவித்துவிடும். மற்றதில் பச்சிலை வாடையைத் தவிர வேறொன்றும் இல்லாமலே போகலாம்.

“அந்தக் காலத்து ரோஜா என்றால் வீடே மணக்கும். இப்போது எல்லாம் இரசாயன உரம். மணம் எங்கிருந்து வரும்?” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழி உரத்தின் மீது விழுகிறது. இந்தத் தீர்ப்பு சரிதானா? மலரிலிருந்து மூக்கு வரை மணம் வரும் வழியை ஒவ்வொரு படியாகப் பார்த்துவிட்டு, விடையை நாமே கண்டுபிடிப்போம்.

மணம் என்பது ஒரு பொருள்

ஒளியும் ஒலியும் அலைகளாக வருகின்றன. மணம் அப்படிப்பட்டதன்று. ஒரு மலரை நீங்கள் முகரும்போது அம்மலரின் பொருளில் ஒரு சிறு பகுதியே உங்கள் மூக்கினுள் நுழைகிறது. இதழில் உண்டான மூலக்கூறுகள் காற்றில் கலந்து மூக்கை வந்தடைந்தாலன்றி மணம் இல்லை. எனவே மணக்க வேண்டிய பொருளுக்கு முதல் தகுதி, அது ஆவியாகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே.

ரோஜாவின் மணப்பொருள்களுள் முக்கியமானவை ஜெரானியால், சிட்ரோனெல்லால், பினைல் எத்தனால் என்பன. பினைல் எத்தனாலின் கொதிநிலை ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ். ஜெரானியாலுக்கு ஏறத்தாழ 230 டிகிரி. தோட்டத்து வெப்பநிலையோ 30 டிகிரி. அப்படியானால் இவை எப்படி ஆவியாகின்றன?

ஈரத்துணி உலர்வதை நினைத்துப் பாருங்கள். 100 டிகிரியில் கொதிக்கும் நீர் 30 டிகிரியிலும் ஆவியாகிறதல்லவா? கொதித்தல் வேறு, ஆவியாதல் வேறு. ஒரு பொருள் எவ்வளவு தாராளமாக ஆவியாகும் என்பதை அதன் ஆவியழுத்தம் காட்டுகிறது. 25 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 24 மி.மீ. பாதரசம். பினைல் எத்தனாலுக்கு அது ஏறத்தாழ 0.09 மி.மீ. மட்டுமே; ஜெரானியாலுக்கு 0.03 மி.மீ. அளவே. ரோஜா தன் மணத்தை மிகச் சிக்கனமாகவே செலவிடுகிறது என்று இந்த எண்களிலிருந்து தெரிகிறது.

வெப்பம் கூடினால் ஆவியழுத்தம் விரைவாகக் கூடும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சென்றால், பினைல் எத்தனால் போன்ற பொருளின் ஆவியழுத்தம் இரு மடங்குக்கும் மேலாகிறது. குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த பூவை உடனே முகர்ந்துவிட்டு, “இதற்கு மணமே இல்லை” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு முகர்ந்து பாருங்கள்.

ஒரு மீட்டர் செல்ல ஒரு நாள்!

இதழை விட்டுப் புறப்பட்ட ஜெரானியால் மூலக்கூறு எவ்வளவு வேகத்தில் செல்லும்? வாயுக்களின் இயக்கக் கொள்கைப்படி கணக்கிட்டால், 30 டிகிரி வெப்பநிலையில் நொடிக்கு ஏறத்தாழ 220 மீட்டர் என்று விடை வருகிறது. இந்த வேகத்தில் நேராகப் போனால், ஒரு தெருவை அது ஒரு நொடியில் கடந்துவிடும்.

ஆனால் அது நேராகப் போக முடியாது. காற்றின் மூலக்கூறுகள் அதனை நொடிக்குப் பலநூறு கோடி முறை மோதித் திசை திருப்புகின்றன. திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனைப் போல அது முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. இத்தகைய பரவலில் தொலைவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். அசைவே இல்லாத காற்றில் 10 செ.மீ. பரவுவதற்கு ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும் என்று கொண்டால், 1 மீட்டர் பரவ ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும்!

உண்மையில் நாம் ஒரு நாள் காத்திருப்பதில்லை. காற்றோட்டமே மணத்தைச் சுமந்து வருகிறது. ஆனால் அக்காற்று பலமாக வீசினால் மணப்பொருளை நீர்க்கச் செய்துவிடும். இளங்காற்றில் வரும் மணம் பெருங்காற்றில் காணாமற் போவது இதனால்தான்.

ஒரு மணமன்று, பல மணங்கள்

“ரோஜா மணம்” என்று ஒருமையில் சொல்கிறோம். ஆனால் ரோஜாக்களிலிருந்து வேதியியலார் பிரித்தறிந்துள்ள ஆவியாகும் பொருள்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. எந்த ஒரு ரோஜாவிலும் இவை எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே மாவும் அரிசியும் பருப்பும் கொண்டு வீட்டுக்கு வீடு சுவை வேறுபடுவதுபோல, கலவை மாறினால் மணமும் மாறுகிறது.

ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் பழங்காலந்தொட்டு வளர்க்கப்பட்ட டமாஸ்க் ரோஜா போன்றவற்றில் பினைல் எத்தனாலும் ஜெரானியால் வகைப் பொருள்களும் மிகுதி. நாம் “ரோஜா வாசனை” என்று அடையாளம் காண்பது இதைத்தான். சீன ரோஜாக்களின் வழி வேறு. அவற்றில் டைமெத்தாக்சி டொலுவீன் என்னும் பொருள் முன்னிற்கிறது. இதைக் கொண்ட ரோஜாக்களைத் தேயிலை ரோஜாக்கள் என அழைப்பர். தேயிலைப் பெட்டியைத் திறந்ததும் எழும் மணத்தை அவை நினைவூட்டுமாம். வேறு சில ரோஜாக்களில் கிராம்பு மணமும், எலுமிச்சை மணமும், பழ மணமும் உண்டு.

நிறத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுப் பொருள்களை இதழிலுள்ள நொதிகள் துண்டாக்கும்போது, அயனோன் போன்ற மணப்பொருள்கள் பிறக்கின்றன. நிறம் உடைந்து மணமாகிறது.

சிறியதே பெரியது

இந்தப் பொருள்களுள் எது அதிகமாக இருக்கிறதோ அதுதான் மணத்தை ஆள்கிறது என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியன்று. பல்கேரிய ரோஜா எண்ணெயைப் பற்றிய புகழ்பெற்ற பகுப்பாய்வு ஒன்றில் கிடைத்த எண்களைப் பாருங்கள்.

சிட்ரோனெல்லால்: எண்ணெயில் 38 சதவீதம். இது 100 கோடிப் பங்கு நீரில் 40 பங்கு இருந்தால்தான் மூக்கு அறியும்.

டமாசினோன்: எண்ணெயில் 0.14 சதவீதம். இது 100 கோடிப் பங்கு நீரில் 0.009 பங்கு இருந்தாலே மூக்கு அறிந்துவிடும்.

மூக்கு அறியும் மிகக் குறைந்த அளவை மண வாயில் எனலாம். ஒவ்வொன்றின் அளவையும் அதன் மண வாயிலால் வகுத்துப் பாருங்கள். முதலாவதற்கு 38 ÷ 40, அதாவது ஏறத்தாழ 1. இரண்டாவதற்கு 0.14 ÷ 0.009, அதாவது ஏறத்தாழ 16. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருக்கும் பொருளைவிட, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே உள்ள பொருள் மணத்துக்கு 16 மடங்கு உதவுகிறது! இந்த டமாசினோனை 1970 இல்தான் வேதியியலார் அடையாளம் கண்டு அறிவித்தனர். அளவில் மிகச் சிறிதாக இருந்ததால் அது அதுவரை அகப்படவில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு ரோஜா வகையில் இத்தகைய ஒரேயொரு பொருள் குறைந்துபோனாலும், மற்றவை யாவும் இருந்தும் மணம் வெறுமையாகிவிடக்கூடும்.

பன்னீரின் கதை

பன்னீர் காய்ச்சுவோர் 220 டிகிரியில் கொதிக்கும் பொருளை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதும் அறியத்தக்கது. இதழ்களை நீரிலிட்டுக் காய்ச்சுகிறார்கள். நீரும் எண்ணெயும் கலவாமல் இருக்கும்போது, இரண்டின் ஆவியழுத்தங்களும் கூடி வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமானால் போதும், கலவை கொதித்துவிடும். எனவே 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே எண்ணெயும் நீராவியுடன் கிளம்பி வருகிறது. இதனை நீராவிக் காய்ச்சி வடித்தல் என்பர்.

வடிந்த நீரின் மேல் மிதப்பது ரோஜா எண்ணெய். கீழே இருப்பது பன்னீர். பினைல் எத்தனால் நீரில் ஓரளவு கரையும். ஆகவே அதில் பெரும்பகுதி எண்ணெயை விட்டுப் பன்னீருக்குப் போய்விடுகிறது. ஒரே பூவிலிருந்து வந்தும் அத்தரின் மணமும் பன்னீரின் மணமும் வேறுபடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பல்கேரியாவில் கசன்லக் நகரைச் சுற்றியுள்ள ரோஜாப் பள்ளத்தாக்கில் பூப்பறிப்பு விடியற்காலையில் நடைபெறுகிறது. வெயில் ஏறினால் மணப்பொருள் இதழை விட்டுக் காற்றுக்குப் போய்விடும்; எண்ணெய் குறையும். காற்றில் மணம் மிகுதியாக வீசும் நேரமும், பூவினுள் மணப்பொருள் மிகுதியாகத் தங்கியிருக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். 1 கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட பூக்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு மணிநேரமும் அங்கே மதிப்புடையதே.

இதழே தொழிற்சாலை

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். மணப்பொருளை இதழ் எவ்வாறு உண்டாக்குகிறது? சில வகைகள் ஏன் உண்டாக்குவதில்லை?

இதழின் மேற்புறச் செல்களில் நொதிகள் என்னும் புரதங்கள் வேலை செய்கின்றன. ஒரு நொதி ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும். அதை அடுத்த நொதி வேறொன்றாக்கும். ஒவ்வொரு நொதியையும் செய்வதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. மரபணு இல்லையானால், அல்லது இருந்தும் செயற்படாமல் உறங்கினால், நொதி இல்லை. நொதி இல்லையேல் பொருள் இல்லை. பொருள் இல்லையேல் மணம் இல்லை.

ரோஜாவில் ஜெரானியால் உண்டாகும் வழியைப் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2015 இல் வெளிப்படுத்தினர். மணம் மிக்க ‘பாப்பா மேயான்’ என்னும் வகையையும், மணம் மிகக் குறைந்த ‘ரூஜ் மேயான்’ என்னும் வகையையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரண்டும் கருஞ்சிவப்பு, சிவப்பு நிற அழகு ரோஜாக்கள்தாம். ஆனால் முதலாவதன் இதழில் நட்எக்ஸ்-1 என்னும் மரபணு மும்முரமாக இயங்கியது. இரண்டாவதில் அது அநேகமாக அடங்கிக் கிடந்தது. வேறு வகைகளைச் சோதித்தபோதும் இதே தொடர்பு தெரிந்தது.

இந்த மரபணு தரும் நொதி செய்யும் வேலை எளிமையானது. செல்லினுள் ஜெரானியாலின் முன்னோடிப் பொருள் ஒன்று, இரண்டு பாஸ்பேட்டுத் தொகுதிகளைச் சுமந்து நிற்கிறது. மின்னூட்டமுடைய அச்சுமை இருக்கும்வரை அது நீரை விட்டு எழ முடியாது, ஆவியாகாது. நட்எக்ஸ்-1 ஒரு பாஸ்பேட்டை நறுக்கிவிடுகிறது. எஞ்சிய ஒன்றை வேறொரு நொதி நீக்குகிறது. சுமை இறங்கியதும் ஜெரானியால் விடுதலையாகிக் காற்றில் கலக்கிறது.

விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறு ஒன்று உண்டு. மற்றத் தாவரங்களில் இத்தகைய மணப்பொருள்களை உண்டாக்குவது முற்றிலும் வேறு வகை நொதி என்றே அறிந்திருந்தனர். ரோஜாவிலோ அந்த வேலையைச் செய்வது, பாக்டீரியாக்களில் சிதைந்த டி.என்.ஏ. உறுப்புகளை அப்புறப்படுத்தும் நொதிக்கு உறவான ஒன்று! இயற்கை கையிலிருக்கும் பழைய கருவியையே புதிய வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

மணம் தொலைந்தது எப்படி?

காட்டு ரோஜாவுக்கு மணம் ஆடம்பரமன்று. பகலில் வரும் தேனீக்களை அழைப்பதற்கு அது ஒரு குரல். மாலையில் மலர்ந்து இரவில் மணக்கும் மல்லிகையின் குரல் இரவுப் பூச்சிகளுக்கானது. தேனீக்கள் தேடி வரும் பூ விதை தரும்; வராத பூவின் வழி அருகும். அங்கே தேர்வாளர் தேனீ.

தோட்டத்திலோ தேர்வாளர் மனிதர். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்கு வந்தன. ஐரோப்பிய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையே பூத்தன. சீன ரோஜாக்கள் மீண்டும் மீண்டும் பூத்தன. இரண்டையும் கலந்து புதிய வகைகள் உருவாயின. 1867 இல் பிரான்சில் தோன்றிய ‘லா பிரான்ஸ்’ என்னும் ரோஜாவைக் கலப்புத் தேயிலை ரோஜாக்களின் முன்னோடியாகக் கருதுவது வழக்கம். அது நல்ல மணமுடையதே. ஆகவே கலப்பினம் என்பதனாலேயே மணம் போய்விடும் என்பது தவறு. முன்பு கண்ட ‘பாப்பா மேயான்’ கூட 1963 இல் வெளிவந்த புதுமை ரோஜாதான்.

பிறகு என்ன நேர்ந்தது? இருபதாம் நூற்றாண்டில் கொய்மலர் வாணிகம் வளர்ந்தது. ஒரே தோட்டத்தில் வெட்டிய பூ நெடுந்தொலைவு போக வேண்டியதாயிற்று. நம் ஓசூர்ப் பகுதிப் பசுமைக் குடில்களிலிருந்து ரோஜாக்கள் விமானமேறி வெளிநாடு செல்வதை அறிவீர்கள். இத்தகைய வாணிகத்துக்காக வகைகளைத் தெரிவு செய்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை: காம்பு நீளமா? நிறம் மங்காதா? நோய் தாங்குமா? சாடியில் எத்தனை நாள் வாடாமல் நிற்கும்? விலைப்பட்டியலில் பூவின் படத்தை அச்சிடலாம். மணத்தை அச்சிட முடியாது. ஆகவே மணம் உண்டா என்ற கேள்வி பல வேளைகளில் கேட்கப்படவேயில்லை.

தேர்வில் ஒருபோதும் கேட்கப்படாத பாடம் என்ன ஆகும்? ஆசிரியர் நடத்தாமல் விடுவார். மாணவர் படிக்காமல் விடுவர். சில ஆண்டுகளில் அது மறந்தே போகும். யாரும் திட்டமிட்டு அதை ஒழிக்க வேண்டியதில்லை. ரோஜாவின் மணத்துக்கு நேர்ந்ததும் இதுவே. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரக்கணக்கான நாற்றுகளிலிருந்து ஒரு சிலவே தெரிவு செய்யப்படுகின்றன. கவனிக்கப்படாத பண்பு அந்தச் சல்லடையில் மெல்ல நழுவிவிடுகிறது.

உரத்தின் மீது சுமத்திய பழிக்கும் இங்கே விடை கிடைக்கிறது. ஒளி, நீர், உரம் ஆகியவை மணத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். ஆனால் நட்எக்ஸ்-1 உறங்கும் செடிக்கு எவ்வளவு நல்ல தொழு உரம் இட்டாலும் ஜெரானியால் வராது. மணமுள்ள செடியின் குச்சியை வேறு மண்ணில் நட்டாலும் அது மணமுள்ள பூவையே தரும்.

கைநழுவியதை மீட்கவும் முடியும். இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் என்பவர் பழைய மண ரோஜாக்களைப் புதிய வகைகளுடன் கலந்து, தம் முதல் ரோஜாவை 1961 இல் வெளியிட்டார். 2018 இல் மறையும்வரை அவர் இப்பணியைத் தொடர்ந்தார். மணமும் அடிக்கடி பூக்கும் பண்பும் ஒருசேர அமைந்த பல வகைகள் இவ்வாறு கிடைத்தன. பழைய வகைகளை யாரோ தோட்டங்களில் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் இது இயன்றது. அவை அழிந்திருந்தால் கலப்பதற்கு எதுவும் எஞ்சியிராது. உங்கள் வீட்டுக் கொல்லையில் பாட்டி வைத்த பன்னீர் ரோஜாச் செடி ஒன்று இருந்தால், அதிலிருந்து இரண்டு குச்சிகளை வெட்டி வேறிடத்திலும் நட்டு வையுங்கள்.

மூக்கும் ஒரு கருவி

எந்த அளவையிலும் கருவியைச் சோதிக்க வேண்டுமல்லவா? மூக்கின் உட்புறத்தில் ஏறத்தாழ 400 வகை மண வாங்கிகள் உள்ளன. இந்த வாங்கிகளின் மரபணுக்களை 1991 இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 2004 இல் நோபல் பரிசு பெற்றனர். இந்த வாங்கிகள் எல்லாரிடமும் ஒன்றுபோல் இல்லை. ரோஜாவிலுள்ள பீட்டா அயனோன் சிலருக்கு நறுமணமாகத் தெரியும். வேறு சிலருக்கு அநேகமாகத் தெரிவதேயில்லை. ஒரே பூவைப் பற்றி அக்காளும் தம்பியும் சண்டையிட்டால் இருவருமே உண்மை சொல்லக்கூடும்!

அன்றியும், ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு சலித்துவிடும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே சில நிமிடம் வெறுங்காற்றைச் சுவாசியுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே வகை ரோஜா மூன்று எடுத்து, மூடியுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் தனித்தனியே இடுங்கள். ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும், ஒன்றை அறையிலும், ஒன்றை இளவெயிலிலும் அரை மணி நேரம் வையுங்கள். எது எதுவென்று தெரியாத நண்பர் ஒருவரை முகர்ந்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

2. மணமுள்ள வகை, மணமற்ற வகை இரண்டின் செடிகளையும் ஒரே மண், ஒரே உரம், ஒரே வெயிலில் தொட்டிகளில் வளருங்கள். பூத்ததும் ஒப்பிடுங்கள். உரமா, மரபணுவா என்னும் வழக்குக்குச் சாட்சி உங்கள் மாடியிலேயே கிடைக்கும்.

சிந்தியுங்கள்

1. உதகமண்டலத்தின் அரசு ரோஜாப் பூங்காவில் பனி படர்ந்த காலையைவிட வெயில் ஏறிய நண்பகலில் மணம் மிகுதியாகத் தெரிவது ஏன்?

2. 10 செ.மீ. பரவ 15 நிமிடம் ஆகுமெனில், அசைவற்ற காற்றில் 30 செ.மீ. பரவ எவ்வளவு நேரமாகும்?

3. மணத்தைப் போலவே, நாம் கேட்க மறந்ததால் நம் காய்கனிகளிலும் தானியங்களிலும் நழுவிப்போன பண்பு ஏதேனும் உண்டா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான காரணம் எதுவாக இருக்கும் என்றும் ஆராயுங்கள்.